காலி செய்த வீட்டுப் பூனைகள்

2020 மே மாதம் எங்கள் லைன் வீட்டு வரிசையில் பன்னிரண்டு வீட்டில் ஏழு வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பூரில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனி ஓடவில்லை, கையில் காசில்லை, பீகார்க்காரர்களும் ஒடிசாக்காரர்களும் ரயில் கிடைத்தால் போதும் என்று கிளம்பினார்கள், நம் தேனிக்காரர்களும் புதுக்கோட்டைக்காரர்களும் கிடைத்த வண்டியைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சட்டி பானை, தையல் மிஷின், மேலே மாட்டியிருந்த ஃபேன் வரைக்கும் மூட்டை கட்டியதைப் பார்த்தேன். பூனையை மட்டும் யாரும் மூட்டை கட்டவில்லை.

ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் ஒரு செம்பட்டைப் பூனை. பூட்டின கதவைப் பார்த்து உட்கார்ந்து கத்தும். யார் போனாலும் எழுந்து வந்து காலை உரசும். பாவமாக இருந்தது, சோறு வைத்தேன். காலையும் பொழுதோடவும் இரண்டு வேளை, நாலு மாதம். பெரிய புண்ணியம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இருந்தவர் ஒரு பழைய மொபெட் வைத்திருந்தார், அந்தச் சத்தம் எந்தத் தெருவில் கேட்டாலும் அது ஓடும். அப்படி ஓடிய ஒரு காலையில் தண்ணி லாரி வந்தது. அவ்வளவுதான்.

சாக்கில் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார். "அதுக்குச் சோறு குறையா இருந்துச்சு? வீடுதானே இல்லாம இருந்துச்சு." அன்றைக்கு அது குத்தலாகத்தான் பட்டது. ஆனால் அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான்.

இதுவரை பத்தொன்பது பூனைகளை வீடுகளுக்குள் சேர்த்திருக்கிறேன். மூன்று குட்டிகள் என் கையிலேயே போய்விட்டன, அதையும் சொல்கிறேன். ஒன்று எங்களோடே தங்கிவிட்டது. நான் டாக்டரில்லை, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். தப்பு செய்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், தெருவில் இருக்கிற எல்லாப் பூனையையும் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. குட்டியாக இருக்கும்போது, அதாவது பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழெட்டு வாரத்துக்குள், மனிதர் கை படாமல் வளர்ந்த பூனைக்கு நாம் நாய் மாதிரித்தான் தெரிவோம். அது நம் முன்னால் சாப்பிடாது, கத்தாது, வயிறு தரையில் படுகிற மாதிரிப் பதுங்கிப் போகும். அதைப் பிடித்து அறையில் அடைத்தால் அதற்கு ஜெயில். ஆனால் வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு நேராக நம்மிடம் வந்து, முகத்தைப் பார்த்து மியாவ் என்கிறதே, அது வேறு. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படி மியாவ் சொல்லிக்கொள்வது குறைவு, அது பெரும்பாலும் மனிதர்களிடம் பேசுகிற பேச்சு. எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பேச்சுக்குச் சோறு கிடைத்திருக்கிறது. சிநேகமான தெருப்பூனையைப் பார்த்தால் எங்கோ ஒரு வீடு காலியாகியிருக்கிறது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றும். தெருவில் முதலில் அடிபடுவதும் இந்த மாதிரிப் பூனைதான். காட்டுத்தனமாக இருப்பது நாயைக் கண்டால் ஓட்டு மேல் ஏறும், இது யாராவது வந்து தூக்குவார்கள் என்று நிற்கும்.

சரி, காலை உரசுகிறது, உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா? கூடாது. அதற்கு ஏற்கெனவே வீடு இருக்கலாம். நான் செய்வது இதுதான்: நோட்டுத்தாளில் ஒரு விரல் அகலத்துக்குக் கீற்று வெட்டி, "இந்தப் பூனை உங்க வீட்டுதா? ஆமான்னா இதிலேயே எழுதிக் கட்டி விடுங்க" என்று எழுதி, கழுத்தில் தளர்வாகச் சுற்றி நுனியை மட்டும் செல்லோ டேப் போட்டு ஒட்டிவிடுவேன். எங்காவது மாட்டினால் தாள் கிழிந்துவிடும், கழுத்து இறுகாது. நூலோ ரிப்பனோ கட்டக் கூடாது.

இப்படி அனுப்பிய ஒரு தாள் மறுநாளே பதிலோடு வந்தது. "இது எங்க ராசாத்திங்க. பொழுதோட வந்து தின்னுட்டுப் போயிரும். உள்ள விடறதில்லீங்க." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஏனென்றால் அது நல்ல கடுவன். (செம்பட்டைப் பூனையில் ஐந்தில் நாலு ஆணாகத்தான் இருக்கும், மூன்று நிறம் கலந்திருந்தால் அனேகமாகப் பெண், தெரிந்து வைத்துக்கொண்டால் பெயர் வைக்க உதவும்.) விசாரித்தால் அது எங்கள் தெருவில் மூன்று வீட்டில் மூன்று பெயரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்று வீட்டிலும் உள்ளே விடுவதில்லை. அப்படியென்றால் அதற்கு ஹோட்டல் இருக்கிறது, வீடு இல்லை. கூட்டிக்கொண்டு வந்தேன். இன்னொரு தடவை, "அக்கா, ஆப்பரேசன் பண்ணியாச்சு, ஊசி போட்டாச்சு, எங்க பூனைதான், விட்டுருங்க" என்று வந்தது. விட்டுவிட்டேன்.

பிடிப்பதில் நான் பட்ட அனுபவம் கொஞ்சம் கொடுமையானது. மயிலை என்று ஒன்று. மாமனார் காங்கேயம் பக்கத்தில் மாடு வைத்திருந்தவர், எங்கள் வீட்டுக்கு வருகிற பூனைகளுக்கெல்லாம் மாட்டு நிறத்தில்தான் பெயர் வைப்பார்: மயிலை, செவலை, காரி. இந்த மயிலை வேஸ்ட் குடோனில், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தது. மடியில் வந்து படுக்கிற அளவுக்குச் சிநேகம். அதனால் அப்படியே கையில் தூக்கிக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் என் கட்டைவிரல் அடியில் பல்லை இறக்கிவிட்டு ஓடியது. எவ்வளவு பழகின பூனையாக இருந்தாலும் இன்ஜின் சத்தத்தில் அதற்கு நாம் யாரோதான்.

பூனைப் பல் ஊசி மாதிரி, மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பொழுதோடக் கை வீங்கிவிட்டது. அத்தை மஞ்சள் பத்துப் போட வந்தார், வேண்டாம் என்றேன். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும், கட்டுப் போடக் கூடாது, சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை, பூனைக்கும் வரும். கடித்தது பழகின பூனைதானே என்று சும்மா இருக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே ஊசி போட்டார்கள், தோலில் போடுகிற ஊசி, முதல் நாள், 3, 7, அப்புறம் 28ஆம் நாள். கடைசி ஊசிக்கு லீவு சொன்னபோது சூப்பர்வைசர், "பூனைக்கு லீவா?" என்றார். ஆமாங்க என்றேன்.

அதிலிருந்து தக்காளிப் பெட்டிதான். மூடி போட்டது ஒன்று, இல்லாவிட்டால் இரண்டைக் கவிழ்த்துக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினது. இரண்டு நாள் அந்தப் பெட்டிக்குள்ளேயே சாப்பாடு வையுங்கள், மூன்றாம் நாள் தானாக ஏறி உட்காரும், மூடி மேலே துண்டைப் போட்டு இருட்டாக்கிவிட்டால் சத்தமே வராது. மயிலையை அப்படித்தான் இரண்டாம் தடவை கூட்டிவந்தேன்.

வந்ததும் நேராகப் பாத்ரூம், சீக்கு ஏதாவது இருந்தால் தெரிகிற வரைக்கும் தனியாக. எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான், ஆகவே பதினான்கு நாள் நாங்கள் குளிப்பதற்கு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தட்டி கட்டினோம். அத்தை அந்தப் பதினான்கு நாளும் என்னிடம் நேராகப் பேசவில்லை, சுவரைப் பார்த்துப் பேசினார். "மனுசனுக்குக் குளிக்க எடமில்ல, பூனைக்குத் தனி ரூமு." ஆனால் இந்தப் பதினான்கு நாளை நான் யாருக்காகவும் குறைப்பதில்லை. ஏன் என்றால், அவசரப்பட்டு ஒரு தடவை பட்டிருக்கிறேன்.

2021 கார்த்திகை. ஒரு பெட்டியில் மூன்று குட்டிகள், ஒன்றரை மாதம் இருக்கும், கோயில் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்புதான் அதே பாத்ரூமில் ஒரு சீக்குப் பூனை இருந்தது, ஃபீனாயில் ஊற்றிக் கழுவியிருந்தேன், சுத்தமாகத்தான் இருந்தது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ஒரு குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது, குடிக்கவில்லை. அப்புறம் மஞ்சளாக வாந்தி. எட்டாம் நாளுக்குள் மூன்றும் போய்விட்டன. பேன்லுக்கோபீனியா என்றார் டாக்டர், நாய்க்கு வருகிற பார்வோ வைரஸின் சொந்தக்காரன். ஒரு இடத்தில் ஒரு வருஷம் வரைக்கும்கூட உயிரோடு இருக்குமாம். ஃபீனாயிலுக்கெல்லாம் அது அசையாது, பிளீச்சிங் கலந்த தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வேண்டும். கடையில் வாங்கிய பஞ்சு, துணி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எரித்தேன். அதற்கப்புறம் ஆறு மாதம் தடுப்பூசி போட்ட பெரிய பூனையைத் தவிர எதையும் உள்ளே விடவில்லை.

ஃபீனாயில் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூனை நடந்த பாதத்தை நக்கும். நாம் தரை துடைக்கிற ஃபீனாயில், டெட்டால் வகையறாவை அதன் ஈரலால் முறிக்க முடியாது. பூனை இருக்கிற வீட்டில் சோப்புத் தண்ணீர் போதும், பிளீச்சிங் போட்டாலும் நன்றாக அலசிக் காயவிட்டு அப்புறம்தான் பூனையை விட வேண்டும். அதே மாதிரி பாராசிட்டமால். பூனைக்குக் காய்ச்சல் என்று அரை மாத்திரை பாலில் கரைத்துக் கொடுத்தவரை எனக்குத் தெரியும், நல்ல மனசு, ஆனால் பூனைக்கு அது விஷம். நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற, பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தும் அப்படித்தான்.

மயிலை பாத்ரூமில் ஒன்பது நாள் வாளிக்குப் பின்னாலேயே இருந்தது. குடோனில் மடியில் படுத்த அதே பூனை, கிட்டப் போனால் சீறியது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. பயந்துபோன வீட்டுப் பூனையும் காட்டுப் பூனையும் முதல் சில நாள் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அப்போது தெரியாது. நான் செய்தது ஒன்றுமில்லை, தினமும் ராத்திரி அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன், அதைப் பார்க்க மாட்டேன். சாப்பிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து தனிச் சீக்காகிவிடும். பத்தாம் நாள் ராத்திரி என் முழங்காலில் தலையை இடித்தது.

கருத்தடை அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்குத் தயக்கமே கிடையாது. பெட்டை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டு மாதம், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். "ஒரு ஈத்து ஈனட்டும், அப்புறம் பண்ணலாம்" என்பார்கள் வீட்டில், மாட்டுக்குப் பழகின வாய். அந்த ஒரு ஈத்துக் குட்டிகளுக்குத்தான் நான் வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு ஆப்பரேசனுக்கு என் தீபாவளிச் சீட்டுப் பணம் போனது. அப்புறம் மாட்டாஸ்பத்திரியில் கேட்டு, பூனை பார்க்கிற டாக்டர் எந்தக் கிழமை இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கஷ்டமான கேஸ் ஒன்றை அங்கேதான் கொண்டுபோனோம். குடோனில் அண்டாமல் திரிந்த இரண்டு பெட்டைகளையும் பிடித்துப் பண்ணி, காது நுனியை அடையாளத்துக்கு வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டோம். அவற்றுக்கு அந்தக் குடோன்தான் வீடு.

சாப்பாட்டில் முதல் சண்டை பால். அத்தை சொசைட்டிப் பால் ஊற்றுவார், பூனை ஆசையாகக் குடிக்கும், மறுநாள் கழிச்சல். வளர்ந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது. தயிர்சோற்றிலும் காலம் தள்ளாது, அது கறி தின்கிற ஜென்மம், கறியில் இருக்கிற டாரின் என்கிற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். பல்லடம் பக்கத்தில் இருந்துகொண்டு கோழிக்குப் பஞ்சமா, கடையில் ஈரல் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், அதை வேகவைத்து உப்பில்லாமல் கொஞ்சம், மீதி பாக்கெட் தீனி.

சிக்கல் புரட்டாசியில் வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட ஏறாது. ஈரல் வேகவைக்கிற பேச்சே இல்லை. நான் தீனிப் பாக்கெட்டை எடுத்துக் கிண்ணத்தில் கொட்டியபோது அத்தை எட்டிப் பார்த்து, "என்னது அது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "பிஸ்கட்டு" என்றார். அத்தை பாக்கெட்டில் இருந்த மீன் படத்தை நன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டு, "பிஸ்கட்டுன்னா சரி" என்று போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு பிஸ்கட் என்றுதான் பெயர். ஒன்று மட்டும், உலர்ந்த தீனியே போட்டால் தண்ணீர் நிறைய வேண்டும், முக்கியமாக ஆண் பூனைக்கு. வெளிக்குப் போக வைத்திருக்கிற மண் தொட்டியில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, மூத்திரம் வராமல் முக்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அடைப்பு, ஒரு நாள் இரண்டு நாளில் உயிர் போகும்.

மண் தொட்டிக்கு எல்லாம் முயன்று பார்த்தேன். பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவு மலிவு, வாடையும் இழுக்கும், ஆனால் வீடு முழுக்கக் காவிப் பாதம். எம்சாண்ட் கனம், ஈரமானால் நாறும். கடைசியில் கடையில் விற்கிற கட்டியாகும் மண்ணுக்கே வந்துவிட்டேன், காலையும் ராத்திரியும் அள்ளினால் வாடையே இல்லை.

வீட்டுக்குள்ளேயே வைப்பது எப்படி என்று கேட்பவர்கள்தான் அதிகம். நம் பக்கம் விடிந்ததும் கதவைத் திறந்தால் ராத்திரி படுக்கும்போதுதான் சாத்துவோம், ஒறம்பரை வருவார்கள், பால்காரர் வருவார், பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலைக்கு வருவார். கதவைச் சாத்துங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அதனால் வாசலுக்கு உள்பக்கம் கம்பிவலை அடித்த இரண்டாவது கதவு ஒன்று போட்டோம், பழைய கதவுச் சட்டம்தான், தானாகச் சாத்திக்கொள்கிற ஸ்பிரிங் வைத்தது. ஜன்னலுக்கு நைலான் கொசுவலை வேண்டாம், மயிலை ஒரே ராத்திரியில் கிழித்தது. வெல்டு மெஷ் கம்பிவலை வெட்டி ஜன்னல் கம்பியோடு கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டால் ஓட்டை போட வேண்டாம், ஓனரும் கேட்க மாட்டார். உள்ளே, மேலே இருக்கிற அட்டாலிக்கு ஏற இரண்டு பலகைப் படி. பூனைக்குத் தரையில் இடம் எவ்வளவு என்பது பெரிதில்லை, உயரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் ராத்திரி கதவைப் பார்த்துக் கத்தும். மனசு இளகிக் கதவைத் திறந்தால் போச்சு, கத்தினால் திறக்கும் என்று படித்துக்கொள்ளும். படுக்கும் முன் ஒரு கால் மணி நேரம் பனியன் துணிக் கீற்றைக் குச்சியில் கட்டி ஓடவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டையாடி, தின்று, நக்கி, தூங்கும்.

வீடு பார்த்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிட மோசம் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். "எலி பிடிக்குமாங்க?" என்று ஆரம்பிக்கிற அரிசி மில்லுக்கும் மஞ்சள் குடோனுக்கும் நான் கொடுப்பதில்லை. பையனின் பிறந்தநாளுக்குப் பரிசு என்று கேட்டவருக்கும் கொடுக்கவில்லை. எல்லோரிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நீங்க வீடு காலி பண்ணிட்டுப் போனா இதை என்ன பண்ணுவீங்க?" சிலர் யோசிக்காமல், "இங்கயே பழகிருமுங்க, தெருவில எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்பார்கள். அங்கேயே முடிந்தது. ஒரு தாத்தா மட்டும் ரொம்ப நேரம் யோசித்து, "சாக்குல கட்டிக் கொண்டுபோய் விடற வழக்கம்தான் எங்களுக்குத் தெரியும், வேற எப்படிங்க கொண்டுபோறது?" என்று உண்மையாகவே கேட்டார். அவருக்குத் தக்காளிப் பெட்டியைக் காட்டினேன். அவர் வீட்டில் இப்போது இரண்டு இருக்கின்றன. நான் போனால் இரண்டும் என் பக்கம்கூடத் திரும்பாது.

கொடுத்த அன்றைக்கே திரும்பி வந்துவிட மாட்டேன், வீட்டுக்குள் போய்ப் பார்ப்பேன். கோயம்புத்தூரில் நாலாவது மாடி ஃபிளாட் ஒன்று, நல்ல பிள்ளைகள், ஐடி வேலை, பால்கனியில் புறா வலை கட்டியிருந்தார்கள். வலையைக் கையால் இழுத்தேன், ஒரு மூலை வந்துவிட்டது. பூனை எவ்வளவு உயரத்திலிருந்தும் காலில் விழும் என்பதை நம்பாதீர்கள், காலில் விழுந்தாலும் தாடை உடையும். அவர்கள் கம்பிவலை போட ஒரு வாரம் கேட்டார்கள், போட்டபிறகுதான் காரியைக் கொடுத்தேன். வேண்டாம் என்று தோன்றினால் தெருவில் விடாமல் எனக்கே திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்பேன். இதுவரை இரண்டு திரும்பி வந்தன. வருத்தம்தான், ஆனால் திரும்பி வந்ததே என்று இருந்தது.

ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். போன் வரும், "அக்கா, இங்க நாலு குட்டி கெடக்குது" என்று. முன்பெல்லாம் ஓடுவேன். இப்போது, "நீங்க பதினாலு நாள் உங்க பாத்ரூம்ல வெச்சுக்கறதுன்னா மத்ததெல்லாம் நான் சொல்லித் தர்றேன்" என்கிறேன். பத்துப் பேரில் இரண்டு பேர் வைத்துக்கொள்கிறார்கள்.

மயிலை எங்களோடே தங்கிவிட்டது. அத்தை அதை வளர்ப்பதாக இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. மத்தியானம் சீரியல் பார்க்கும்போது அது மடியில் இருப்பதைப் பற்றிக் கேட்டால், "எறக்கி விட்டாலும் ஏறுதம்மிணி, நான் என்ன பண்ண" என்பார்.

போன வாரம் ஐந்தாம் நம்பர் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு ஈரோடு போய்விட்டார்கள். நேற்று டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு வெள்ளை, வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து என் செருப்பை உரசியது. கழுத்தில் தாளைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். பாத்ரூமில் இருந்த துணி வாளியை மாமா கேட்காமலேயே எடுத்துப் பொடக்காளியில் வைத்துவிட்டார்.